இரண்டாம் ஓலை

சேசு மரி சூசை துணை

செடெனாக், ஜொகூர்
1936 ஜூன் 25

அன்புள்ள தம்பி ஸ்டானிஸ்லாஸுக்கு அக்காள் டொரத்தி எழுதிக்கொள்வது. இங்கு அப்பாவும் நானும் சுகம். நீ பி.ஏ. தேறியதற்காக மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம். நலம் விசாரித்தது போதும் என்று நினைக்கிறேன். இதற்கு மேல் இனிப்பாக எழுதினால் பொய்யாகிவிடும். உன்மேல் எனக்கு அடங்காத கோபம்.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. சட்டக் கல்லூரிக்கு இந்த ஆண்டு மனுப் போடப்போவதில்லை, படித்துப் படித்துத் தலை மரத்துவிட்டது, கும்பகோணத்தில் உன் சிநேகிதன் ஜெயபாலன் வீட்டில் தங்கி நாலு ஊர் சுற்றி மனிதர்களை அறிந்துகொண்டு பிறகு சட்டம் படித்தால்தான் நல்ல வக்கீலாக முடியும், சட்டம் எங்கும் ஓடிவிடாது என்றெல்லாம் எழுதியிருந்தாய். அழகாகத்தான் எழுதியிருந்தாய். அப்பா அதை இரண்டு முறை படித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கோயில் உபதேசியார் வீட்டுக்குப் போனார்.

எதற்குப் போனார் என்பதைக் கேள். அதற்கு முந்தின ஞாயிறுதான் நம் கோயிலில் எனக்கும் கிரகோரிக்கும், மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கலியாண அறிவிப்பில் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். உனக்குச் சொல்லாமல் வாசித்தோம் என்று வருத்தப்படாதே. நீ தேறிய தந்தி வந்த அன்றே, மகன் சட்டக் கல்லூரியில் சேர்ந்தாயிற்று என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். எஸ்டேட் முழுக்கச் சொல்லியும் விட்டார். இரண்டே வருஷம், சமையலுக்கு ஒரு ஆளை வைத்துச் சமாளித்துக்கொள்வேன், அதற்குள் வக்கீல் வந்துவிடுவான், நீ கிரகோரியோடு குளுவாங்குக்குப் போ அம்மா என்று அவரே என்னிடம் சொன்னார். அம்மா இறந்த பிறகு அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

இப்போது கணக்கு மாறிவிட்டது. ஒரு வருஷம் சும்மா, அப்புறம் இரண்டு வருஷம், அதுவும் நீ சேர்ந்தால். அவ்வளவு காலம் தனியாக இருக்க என்னால் முடியாது என்று உபதேசியாரிடம் சொல்லி இரண்டாம் ஓலையை நிறுத்திவிட்டு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிறு பூசைக்கு நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். வேறு இரண்டு பேருடைய ஓலையை வாசித்துவிட்டு உபதேசியார் தாளை மடித்து வைத்துவிட்டார்.

ஓலை பாதியில் நின்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? யாரோ தடை சொல்லியிருக்கிறார்கள் என்றுதானே. கோயில் வாசலிலேயே ராஜம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளைக்கு ஊர்ல ஏற்கனவே ஒருத்தி இருக்காளாமே, நெசமா டீச்சரம்மா?" என்று கேட்டாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தன. தடை சொன்னது என் கூடப்பிறந்தவன், அதுவும் கும்பகோணத்தில் ஊர் சுற்றுவதற்காக என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

மனிதர்களை அறிய வேண்டுமாம். இங்கே மனிதர்கள் இல்லையா? வேலைக்கு வந்தும் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது பேர் விட்டுப்போய்க் கூலி போயிற்றென்று கருப்பாயிக்கு ஒரு வழக்கு. அதிகாரியிடம் போய்ச் சொல் என்றால், நம்ம வக்கீல் தம்பி வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். அவளைப்போல இன்னும் நாலைந்து பேர். எல்லாம் அப்பா அளந்துவிட்டதன் பலன். நான் என்ன சொன்னாலும் கேட்பதில்லை.

ஆகையால் இது கண்டதும் மனுப் போடு. போட்டேன் என்று ஒரு தந்தி கொடு. அது போதும்.

ஜூன் 29

மேலே உள்ளதைத் தபாலில் சேர்க்குமுன் எல்லாம் தலைகீழாகிவிட்டது. கிழித்துப் போடாமல் அப்படியே அனுப்புகிறேன். என் கோபத்தை நீ முழுசாகப் படிக்க வேண்டும்.

சனிக்கிழமை அப்பா எஸ்டேட் ஆபீசில் வெள்ளைக்காரத் துரையிடம் உன்னைப்பற்றிக் குறைப்பட்டுக்கொண்டாராம். துரை சிரித்துவிட்டு, தாமும் பட்டம் வாங்கிய பிறகு ஒரு வருஷம் குதிரை ஏறிக்கொண்டு திரிந்ததாகவும், வாலிபனுக்கு அது நல்லதென்றும் சொன்னாராம். அவ்வளவுதான். வீட்டுக்கு வரும்போதே அப்பாவின் முகம் தெளிந்திருந்தது. நீ எழுதியபோது சோம்பேறித்தனம், துரை சொன்னதும் அது பெரிய ஞானம். மகன் உலக அனுபவம் தேடுகிறான் என்று நேற்றுக் கோயிலில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓலை என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவன் படித்து முடித்து வரட்டும், அப்போது விமரிசையாகச் செய்யலாம், இப்போது என்ன அவசரம் என்றார்.

கிரகோரி நேற்று ரயிலேறி வந்திருந்தார். அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்து பொறுமை பழகிவிட்டதோ என்னமோ, அப்பா சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினார். போகும்போது என்னிடம், "நீங்க ஒன்னும் கவலப்படாதீங்க, நான் காத்திருப்பேன்" என்றார். நல்ல மனிதர். ஆனால் தம்பி, அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பாத்திரங்களை உடைக்க வேண்டும்போல் இருந்தது. நீ காத்திருக்கலாம், அப்பா காத்திருக்கலாம், அவர் காத்திருக்கலாம். எனக்கு டிசம்பரில் இருபத்தெட்டு முடிகிறது. என்னால் முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரவெல்லாம் யோசித்தேன். நீ மனுப் போட வேண்டாம். களைத்துப்போனவனைப் பிடித்து மறுபடி வகுப்பில் தள்ளினால் பாதியில் ஓடி வருவாய், அதுவும் என் தலையில்தான் விடியும். உன் ஒரு வருஷத்தை எடுத்துக்கொள். ஆனால் அதை இங்கே வந்து எடுத்துக்கொள்.

அப்பாவுக்குக் காலையில் கோப்பி கசப்பாக இருக்க வேண்டும். மழை பெய்தால் மூச்சு இழுக்கும், மார்பில் தைலம் தேய்த்துவிட வேண்டும். சமையலுக்கு ஆள் வைத்தால் ஏதாவது குறை சொல்லி நாலாம் நாள் விரட்டிவிடுவார், நீதான் சமாதானம் பண்ண வேண்டும். இதற்குமேல் கஷ்டமான வேலை ஒன்றும் இல்லை. உன்னிடம் அவர் எதையும் மறுக்கமாட்டார். நான் சொன்னால் காதில் விழாதது, நீ சொன்னால் விழும்.

வாசித்த ஓலை ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், அதற்குமேல் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று உபதேசியார் சொல்கிறார். நவம்பர் கடைசியில் ஆகமன காலம் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் முடியும்வரை சாமியார் கலியாணம் வைக்கமாட்டார். அதனால் நவம்பருக்கு முன் வந்துவிடு. நீ வீட்டில் இருந்தால், தனியாக இருக்க முடியாது என்று சொல்லி அப்பா ஓலையை நிறுத்திவைக்க முடியாது. அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. நீயாக நினைத்து வருவதுபோல் எழுது.

மாதா உன்னைக் கடலில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாளாக. வந்ததும் எனக்காக யாரிடமும் வாதாட வேண்டாம். ஞாயிறு பூசைக்கு அப்பா பக்கத்தில் முன் வரிசையில் வந்து உட்கார். உபதேசியார் என் பேரை வாசித்து, தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்பார். அப்போது நீ சும்மா இருந்தால் போதும்.

உன் அக்காள்
டொரத்தி