லேசர் ஜாமரும் புதன்கிழமையும்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய்த் துணியெல்லாம் எடுத்த பிறகு வெயில்.

இன்றைய வேலை: இவருக்கு லேசர் ஜாமர் பார்த்துக் கொடுப்பது. அப்படி ஒன்று இருப்பதே நேற்றுவரை தெரியாது. ரோட்டோரம் போலீஸ் ஒரு மெஷினை வைத்து வண்டியின் வேகத்தைப் பிடிக்கிறார்களே, அந்த மெஷினையே குழப்பிவிடுமாம். “நெட்டுல பாக்குறது உன் டிபார்ட்மென்ட். நீயே ஒண்ணு செலக்ட் பண்ணு ஜரினா.”

காரணம், மூன்று சலான். எல்லாம் ஓவர் ஸ்பீடு. கார் என் பேரில். கல்யாண நாளுக்கு வாங்கித் தந்தது, எனக்கு ஓட்டத் தெரியாது. அதனால் மெசேஜ் மட்டும் என் போனுக்கு. “உனக்கு எதுக்கு வீண் தொந்தரவு” என்கிறார். இத்தனை வருஷத்தில் என் தொந்தரவைப் பற்றி இவர் கவலைப்பட்டது இதுதான் முதல் தடவை.

பார்த்தவரை புரிந்தது, புரியாதது:
– முன்னால் ரெண்டு சென்சார் கண்ணா, மூணா? பின்னாலும் வேண்டுமா?
– நம்பர் பிளேட் பக்கமா, கிரில்லுக்குள்ளா?
– பார்க்கிங் சென்சார் என்று சொல்லித்தான் பாதிப் பேர் விற்கிறார்கள். அப்படியென்றால் தப்பான சாமான்தானே? தப்பில்லை என்கிறான் ஒருத்தன். அவன் விற்கிறவன்.
– கம்பத்தில் இருக்கும் கேமராவை இது ஒன்றும் செய்யாதாம். அப்புறம் எதற்கு?

தலை சுற்றியது. மூடிவிட்டு மீன் கழுவப் போனேன்.

ஜூலை 8, செவ்வாய்

மதியம் நல்ல மழை. கரண்ட் இல்லை.

எந்த ரோட்டில் எந்த மெஷின் என்று தெரிந்தால் லே.ஜா. (முழுசாக எழுதக் கை வலிக்கிறது) எடுப்பது சுலபம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்காக மூன்று சலானையும் முதல்முறை திறந்து படித்தேன்.

மூன்றும் புதன்கிழமை. மூன்றும் மதியம். மூன்றும் வண்டலூர்–கேளம்பாக்கம் ரோடு.

புதன்கிழமை இவர் பட்டறைக்குத் தோல் எடுக்கப் பெரியமேட்டுக்குப் போகிறார். அப்படித்தான் சொல்கிறார். பெரியமேடு வடக்கே, கேளம்பாக்கம் தெற்கே. வண்டி ஓட்டத் தெரியாத எனக்கே இது தெரியும்.

நிலம் பார்க்கிறாரா? டாக்டரா? வேறு பொம்பளையா? எழுதியதும் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றதும் பயம்.

ஷிபா கேளம்பாக்கத்தில்தான் இருக்கிறாள். ஆனால் அது இருக்காது. கூட வேலை பார்த்த பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு அவள் போன அன்று, “இந்த வீட்ல இனி அவ பேரு எடுக்கக் கூடாது” என்றார். இரண்டு வருஷம். ஒரு தடவைகூட எடுக்கவில்லை. பெற்ற மகளிடம் நான் மொட்டை மாடியில் ஒளிந்து பேசுகிறேன்.

ஜூலை 9, புதன்

இவர் கிளம்பினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அத்தர். தோல் குடோனுக்கு அத்தரா?

மாடிக்குப் போய் ஷிபாவுக்குப் போன். “அத்தா அந்தப் பக்கம் வந்தாரா?”

“இங்க யாரும் வரலையேம்மா. வந்தா கதவத் தொறக்காம இருப்பேனா? ஏம்மா, கேட்டாரா என்னைப் பத்தி?”

இல்லை என்றேன். அழுதாள். நானும்.

அப்படியென்றால் யாரைப் பார்க்கப் போகிறார்?

சாயங்காலம் வந்து, “பெரியமேட்டுல செம கூட்டம்” என்றார். கோபத்தில் இருப்பதிலேயே விலை கூடின லே.ஜா.வை ஆர்டர் போட்டேன். முன்னால் ரெண்டு, பின்னால் ஒன்று. என்ன கோபம் இது, எனக்கே புரியவில்லை. இன்று மெசேஜ் வராதது நிம்மதியா ஏமாற்றமா, அதுவும்.

ஜூலை 15, செவ்வாய்

பம்மல் ஆக்சசரீஸ் கடையில் ஃபிட்டிங். இவர் வண்டியை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். மேனுவல் படித்தவள் என்று என்னைக் காவலுக்கு நிறுத்தினார். அந்த மேனுவலில் பாதி சீன எழுத்து.

ஃபிட்டர் பாபு என்னைவிடக் குழம்பினார். “இன்னாக்கா, படத்துல மூணு ஒயரு கீது, கைல நாலு கீது. ஒண்ணும் பிரியலயே.” முதலில் தலைகீழாக மாட்டி, கழற்றி, திரும்ப மாட்டி. எதற்கென்றே தெரியாமல் வண்டி கத்திக்கொண்டிருந்தது. முன் சீட்டில் நான் பெல்ட் போடாததற்கு ஒரு பீப், லே.ஜா.வுக்கு ஒரு பீப். ஷிபா அந்த சீட்டில் உட்கார்ந்தால் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டி, பீப்பை ஏமாற்றுவாள். “கழுத்த அறுக்குது அத்தா.” ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேருக்கும் சண்டை.

பின்கண்ணுக்கு ஒயர் இழுக்க டிக்கியைத் திறந்தார் பாபு. “அக்கா, ஸ்வீட்டு டப்பா ரெண்டு கீது. எறும்பு மொய்ச்சுகினு கீது. தூக்கிப் போட்டுடவா?”

தம்ரூட். ஒன்று பூஞ்சை பிடித்து, ஒன்று போன வாரத்தது.

இவருக்குச் சர்க்கரை. எனக்குத் தம்ரூட் பிடிக்காது. அதற்கு உயிரை விடுகிறவள் ஒருத்திதான்.

அதாவது, வாங்கிக்கொண்டு ஷிபா வீடு வரை போகிறார். கதவைத் தட்டாமல் திரும்பி வருகிறார். அத்தர் வேறு. கடையில் நின்றபடியே அழுதேன். பாபு, ஒயரைத் தப்பாகக் கொடுத்துவிட்டோமோ என்று பயந்துவிட்டார்.

“இந்த சுட்ச்சு எதுக்குங்க?” என்று கேட்டேன்.

“இப்டி வெச்சா ஜாமரு. அப்டி வெச்சா வெறும் பார்க்கிங் சென்சாருக்கா.”

வெறும் பார்க்கிங் சென்சாராகவே வைக்கச் சொன்னேன். இவர் கேளம்பாக்கம் போகிறார் என்று எனக்குச் சொல்ல அந்த மெசேஜை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? நானே கேட்டால் வீம்புக்கு அதோடு நிறுத்திவிடுவார். இவரைத் தெரியாதா எனக்கு.

ஜூலை 16, புதன்

மதியம் மெசேஜ். ஓவர் ஸ்பீடு. கேளம்பாக்கம் ரோடு. ஒரு அபராதத்துக்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன முதல் ஆள் நான்தான்.

சாயங்காலம் போனை நீட்டினேன். முழித்தார். “ஜாமர் போட்டுமா?”

“மேகமா இருந்தா சரியா வேலை செய்யாதாம்.” எங்கிருந்து வந்தது இந்தப் பொய்?

டிக்கியைப் பார்த்தேன். புது டப்பா. பிரிக்காதது.

ஜூலை 22, செவ்வாய்

ரவை, பால், முந்திரி, நெய். தம்ரூட் நானே செய்தேன். லேசாக அடிப்பிடித்தது. ஷிபாவுக்கு அதுதான் பிடிக்கும். தூக்கு டப்பாவில் போட்டு, முன் சீட்டில் வைத்துவிட்டு வந்தேன். டிக்கியில் இல்லை, முன் சீட்டில்.

சரியா தப்பா தெரியவில்லை. நாளைக்குப் போகாமலே இருந்துவிட்டால்? எல்லாவற்றையும் நானே கெடுத்ததாகிவிடும்.

ஜூலை 23, புதன்

வெயில். இவர் வண்டிக் கதவைத் திறந்தார். டப்பாவைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார், நான் திரைக்குப் பின்னால். டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்து, திரும்ப வைத்துவிட்டு ஏறினார்.

மதியம்வரை மெசேஜ் இல்லை. ஷிபாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. இன்னொரு தடவையும் எடுக்கவில்லை.

அஸர் தொழுதுவிட்டு எழும்போது போன் ஒலித்தது. சலான். ஓவர் ஸ்பீடு இல்லை. முன் சீட்டில் சீட் பெல்ட் அணியாதது. கம்பத்துக் கேமரா.

படத்தைப் பெரிதாக்கினேன். கண்ணாடியில் வெயில் பட்டு முகம் தெரியவில்லை. துப்பட்டா, மடியில் என் தூக்கு டப்பா. தோளுக்குக் குறுக்கே பெல்ட் இல்லை.

இருட்டும் நேரத்துக்கு வந்தார். காலி டப்பாவைச் சமையல் மேடையில் வைத்தார். கழுவியிருந்தது.

“மெசேஜ் ஏதும் வந்துச்சா?”

“அவள பெல்ட் போடச் சொல்லுங்க.”

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டுத் திரும்பாமலே நின்றார்.

“சொன்னேன். ஷிபா எங்க கேக்குறா.”