சபையில் சொல்ல வேண்டிய பெயர்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், முட்டி மட்டும் நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இதைத் தொடங்குகிறேன்.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. இது என் கை. முன்பு வந்த கடிதங்களை எல்லாம் நம் பழங்குடிச் சபை எழுத்தர் எழுதினார். நான் சொன்னதை எழுதினாரோ, சபைத் தலைவராக இருக்கிற உன் சித்தப்பா சொன்னதை எழுதினாரோ, யார் கண்டது. நீ ஒன்றுக்கும் பதில் போடவில்லை. அதனால் பக்கத்து வீட்டுத் தையற்காரியிடம் இரண்டு வருடம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்தக் கடிதத்துக்கே நான்கு நாள் ஆயிற்று.

உன் கட்டிலில் யாரையும் படுக்க விடுவதில்லை. உன் அத்தை ஒருமுறை கேட்டாள், தரையில் பாய் போட்டுக் கொடுத்தேன். இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். மூன்று மணிப் பேருந்து முனையில் திரும்பும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். இறங்குகிறவர்களில் உன் நடை இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெளியே கல்யாணம் செய்த பெண்களை நம் சபையின் பெயர்ப் பட்டியலிலிருந்து நீக்கினார்களே, அன்றைக்கு அம்மாவும் எழுந்து நின்றாள் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நின்றது உண்மை. எதற்கு நின்றேன் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெண்களின் தலையையும் எண்ணவேண்டும் என்று நாங்கள் சண்டை போட்டு வாங்கிய முதல் கூட்டம் அது. “போனவளுக்கு இங்க என்ன பேச்சு, அவ அந்த வீட்டு ஆளு” என்றார் உன் சித்தப்பா. அவர் மகனும் வெளியேதான் கட்டினான். அவன் பெண்டாட்டிக்கு நம் பேச்சில் ஒரு வார்த்தை தெரியாது, அவள் பெயர் பட்டியலில் இருக்கிறது. அதைக் கேட்கத்தான் எழுந்து கத்தினேன். பேச நினைப்பவர் உட்கார்ந்தபடி கையைத் தூக்கவேண்டும், எழுந்து நின்றால் சம்மதம் என்று அர்த்தம். ஆண்களுக்குப் பழகிய முறை. தேநீர் அண்டாவுக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளிய எங்களுக்கு யார் சொன்னார்கள்? எழுத்தர் தலையைத்தான் எண்ணினார், வாயை எண்ணவில்லை. எனக்கு விவரம் தெரியும் என்று நம்பி என் பின்னால் இருந்த பதினொரு பெண்களும் எழுந்தார்கள். ஒன்பது தலை கூடுதலில் உன் பெயர் போயிற்று.

அந்தப் பதினொரு பேரையும் கூட்டிக்கொண்டுதான் ஒன்பது வருடம் நகரத்து அரசு அலுவலக வராந்தாவில் மனுவோடு உட்கார்ந்தேன். அங்கே ஒருவன் “பாட்டி, உங்க ஆளுங்க சண்டையை உங்களுக்குள்ள தீர்த்துக்கக் கூடாதா” என்றான். அவன் சட்டை நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடைசியில் ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று செல்லாது, மறுபடி எண்ணுங்கள் என்று தாள் வந்தது.

போன வாரம் எண்ணினார்கள். பெயர்கள் நீங்கியே இருக்கட்டும் என்பவர்கள் நிற்கலாம் என்றார் உன் சித்தப்பா. தையற்காரி என் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கை பாயைப் பிடித்துக்கொண்டது. கால் மரத்துப்போனது, இருமல் வந்தது, அசையவில்லை. மொத்தம் ஆறு பேர் நின்றார்கள். அதில் உன் சித்தப்பா ஒருவர். சித்தி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதியைத் தள்ளிவிட்டேன்.

ஆனால் பெயர் தானாக ஏறாது. இந்த மாதம் முடிவதற்குள் நீ நேரில் வந்து, சபையின் முன்னால் உன் அம்மா பெயரையும் அவள் அம்மா பெயரையும் உன் வாயால் சொல்லவேண்டும். நீ வந்தால்தான் பேத்தி பெயரும் ஏறும். நாளைக்கு அவள் அந்தத் தலைவர் நாற்காலிக்கே நிற்கலாம். நீ வராவிட்டால் பட்டியலை மூடி நகரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். “வருவாளா அண்ணி? உங்க பேராவது அவளுக்கு ஞாபகம் இருக்கா” என்று சிரித்தார் உன் சித்தப்பா.

கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது நீ என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. பெயரைச் சொல்லித் திட்டினாய். பெற்றவளைப் பெயர் சொன்னாளே என்று ஒன்பது வருடமாக மனதில் வைத்திருக்கிறேன். இன்னும் மன்னிக்கவில்லை. அந்தப் பெயரை இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியும். அன்று சொன்ன அதே குரலில், அதே கோபத்தோடு வேண்டுமானாலும் வந்து சபையில் சொல். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

மூன்று மணிப் பேருந்தைப் பார்த்திருக்கும்,
உன் அம்மா