ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினேன், ஜமீலா

என் பிரிய ஜமீலா,

நம் ஆடு நேற்றுப் போய்விட்டது. உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

செம்பூர் ஆய்வுக்கூடத்தில் உன் நாற்காலி அப்படியேதான் இருக்கிறது. இடுப்பெலும்பு தேய்ந்தவர்களுக்குப் பொருத்துவதற்கான பீங்கான் துண்டுகளை நாம் இருவரும் நாளெல்லாம் எலும்போடு உரசிப் பார்த்த அதே மேஜை. தேவனார் அறுப்புக்கூடத்திலிருந்து மாட்டெலும்பை நீதான் வாங்கி வருவாய். வெங்காயம்கூடச் சேர்க்காத மாட்டுங்கா வீட்டிலிருந்து வரும் நான் மூக்கைப் பொத்துவேன். "யக்கா, ஒனக்குள்ளயும் இதான் இருக்கு" என்பாய்.

ஆய்வை நடத்தும் நம் சாருக்கு வழவழப்பான துண்டுதான் பிடித்தது. எனக்கும்தான். உரசும்போது எலும்பு குறைவாகத் தேய்ந்ததே! நீ மட்டும் துளைத்துளையான துண்டுக்காக மல்லுக்கு நின்றாய்.

"வழுவழுன்னு இருந்தா நழுவிக்கிட்டே கெடந்து தேயும். சொரசொரன்னு இருந்தா அசையாது. அசையலன்னாத்தான் துளைக்குள்ள எலும்பு வளரும்."

துளை விளிம்பு உதிர்ந்துவிடும் என்று நான் அடித்துச் சொன்னேன். கடைசியில் உன் துண்டை அந்த ஆட்டின் காலில் வைத்தார்கள். அது நொண்டாமல் நடந்ததை நீ பார்த்தாய். உள்ளே எலும்பு பிடித்ததா என்று ஆட்டை அறுத்துப் பார்ப்பதற்குள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கேட்டது ஒன்றுதான். "அத அறுக்கும்போது தாகத்தோட விட்டுராத. தண்ணி காட்டிரு." பெருநாளன்று அறுப்பதற்கு முன் உன் வாப்பா செய்வதுபோல. ரத்தம் என்றாலே ஓடுகிற என்னிடம் ஏன் கேட்டாய்?

அறுக்கவில்லை, ஊசி போட்டுத்தான் உயிரை எடுத்தார்கள். அதற்கு முன் சட்டியை நானே ஏந்தினேன். நிதானமாகக் குடித்துவிட்டு என் விரலையும் நக்கியது. அழுதுவிட்டேன், ஜமீலா.

பிறகு கால் எலும்பை இயந்திரத்தில் மாட்டித் துண்டைப் பிடுங்கப் பார்த்தார்கள். வரவில்லை. சார் இழுவையைக் கூட்டச் சொன்னார். பட்டென்று உடைந்தது எலும்புதான். ஒட்டிய இடம் விடவில்லை. விளிம்பும் உதிரவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

உன் உம்மா இப்போது டோம்பிவிலியில், உன் அண்ணன் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்துப் போய்ச் சொல்வேன். அவருக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பேன்? நீ ஜெயித்தாய் என்றா, நீ இல்லை என்றா?

இன்னும் ஆடுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் நானே தண்ணீர் காட்டுவேன். தேவனாருக்கும் இனி நானே போவேன், மூக்கைப் பொத்தாமல்.

உன்னோடு உரசி உரசியே ஒட்டிப்போன அக்கா,
லலிதா