சிரித்தபடி சொன்ன சரி

என் ரெட்னோவுக்கு,

எங்கள் ஊர் மேடானில் மழையா? என் அம்மா உன்னை ஏசாமல் இருக்கிறாளா?

நான் மேற்பார்வை பார்க்கும் உன் ஊர் சாயப்பட்டறையில் எல்லாரும் உன்னைப் போலவே மெதுவாகப் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர முடியுமா என்று தொழிலாளி வர்சித்தோவிடம் கேட்டேன். சிரித்தபடி, "சரிங்கய்யா, பாக்கறேன்" என்றார். வரவில்லை. அன்று அவர் மகளுக்குக் கல்யாணமாம். மறுநாள் எல்லார் முன்னாலும் எங்கள் பத்தாக் இனத்துக்கே உரிய உரத்த தொண்டையைத் திறந்தேன். "முடியாதுன்னு வாயைத் திறந்து சொன்னா என்னய்யா?"

அவர் தலைகுனிந்து நின்றார். பக்கத்தில் சாயம் கலக்கிக்கொண்டிருந்த முர்னி அக்காதான் சொன்னாள்: "முகத்துக்கு நேரா முடியாதுன்னு எப்படிங்க சொல்வாரு? சிரிச்சாரே, நீங்க பாக்கலையா?"

பார்த்தேன், ரெட்னோ.

என் அம்மாவோடு மேடானிலேயே இருந்துவிடுகிறாயா என்று நான் கேட்டபோது, நீயும் அப்படித்தான் சிரித்துக்கொண்டே "சரிங்க" என்றாய்.

சனிக்கிழமை வருகிறேன். இந்தத் தடவை நீ சிரித்தால் நம்ப மாட்டேன்.

உன் சத்தக்காரன்