சிட்டு வாங்கிய புது ஊசி

சிட்டு,

உன் பெயருக்கு வந்த பார்சலை இன்று காலையில்தான் பிரித்தேன். பிரித்ததும் புது மெஷின் பெல்ட் வாசம் அடித்தது. அந்த வாசம் வந்தால் நீ எந்த வேலையில் இருந்தாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பாய். நானும் நீ உட்காரும் கதிரைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டேன்.

பார்சல் வந்தது உன் கருமாதி முடிந்த மறுவாரம். கூரியர்காரர் படிக்கட்டின் கீழே நின்றுகொண்டு உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இறங்கிப்போய், "தங்கச்சி இல்லீங்க, நான் எடுத்துக்கிறேன்" என்றேன். "எப்ப வருவாங்க?" என்று கேட்டார். "வரமாட்டா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பார்சலைக் கொண்டுவந்து வெட்டுமேசையில் வைத்தேன். அப்படியே கிடந்தது.

உள்ளே இரண்டு சாமான். ஒன்று விரல்நுனி அளவு, இசைத்தட்டுப் போடும் பாட்டுப் பெட்டிக்கான ஊசித்தலை. என் மகன் ரகு அதைக் கார்ட்ரிட்ஜ் என்கிறான். மற்றது சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி. மழைக்காலம் முழுக்க இந்த இரண்டைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தாய். பழைய ஆம்ப்ளிஃபயர் புகைந்து செத்த பிறகு ரகு புதிது வாங்கித் தந்தான். பேராதனையில் வீட்டைக் காலிசெய்த நோனா அம்மா உனக்குக் கொடுத்த பிளேயரை அதில் மாட்டினால், பாட்டு கொசு பாடுவது போல வந்தது. ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு, "அக்கா, கச்சேரி தூரத்துல பன்விலையில நடக்குது, நமக்குக் காத்துலதான் வருது" என்றாய்.

கண்டியில் விசாரித்துவிட்டு வந்து எனக்கு விளக்கம் வேறு சொன்னாய். ஊசியிலிருந்து வரும் சத்தம் நூலிழை போல மெலிந்தது, பழைய ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே அதைத் தூக்கிக்கொடுக்க ஓர் உறுப்பு இருந்தது, புதியதில் அது இல்லை, அதற்குத்தான் இடையில் இந்தப் பெட்டி. ஊசியும் தேய்ந்துவிட்டது, அதையும் மாற்ற வேண்டும். நான் "சரி, நல்லது" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கை வெட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய். அங்கேயும் என்னைக் கண்டவுடன், "ஊசி வந்துச்சாக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. பக்கத்துக் கட்டில் அம்மா, "இப்பத்தானே புள்ள நர்ஸ் வந்து போட்டுட்டுப் போனாங்க" என்றார். நீ சிரித்துச் சிரித்து இருமினாய். நான் உன் முதுகைத் தடவினேன். எலும்பு கையில் தட்டியது.

நீ போனபிறகு கடையை ஒழுங்காகத் திறக்கவில்லை. ரகு வந்து பார்த்துவிட்டு, "ஒத்தையா இருந்து என்ன செய்யப் போறீங்கம்மா? கொழும்புக்கு வாங்க. மெஷின் எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துருவோம்" என்றான். நானும் சரி என்றேன். தனியாக இருக்கப் பயந்து சொல்லவில்லை. உன் மெஷின் ஓடாத அறையில் என் மெஷின் மட்டும் ஓடுகிற சத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ரேடியோ போட்டுப் பார்த்தேன். அதில் ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார். நீயும் பேசுவாய்தான், ஆனால் காஜா எடுக்கும்போது சும்மா இருக்க உனக்குத் தெரியும். "பாட்டு இல்லாம காஜா எடுத்தா பொத்தான் ஓட்டை கோணுதுக்கா" என்பாய். எனக்கு இப்போது காஜா மட்டுமில்லை, நேர்த்தையலே கோணுகிறது.

பார்சல் வந்த அன்று மாலை ரகுவிடம் போனில் சொன்னேன்: "சித்தியோட பெட்டி பாடுச்சின்னா நான் இங்க வத்தேகமையிலயே இருந்துர்றேன். பாடலைன்னா உன்கூட வந்துர்றேன்."

"சித்தியே இல்ல, யாரும்மா அதை மாட்டப் போறது?"

"நான்தான்."

"நீங்களா?" என்று சிரித்தான். "சரி, இந்த ஞாயித்துக்கிழமை வேனோட வர்றேன். பாடுனா வெறும் வேனா திரும்பிப் போறேன்."

இன்று சனிக்கிழமை.

பார்சலோடு வந்த ஆங்கிலத் தாளைப் படம்பிடித்து அவனுக்கு அனுப்பினேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன் என்று உனக்குத் தெரியும். அவன் போனில் வாசித்துச் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஓவர்லாக் மெஷினுக்கு நூல் கோக்கிற உன் இடுக்கியால் பழைய தலையிலிருந்து நாலு வயரையும் இழுத்தேன். தலைமயிர் கனம்தான் ஒவ்வொன்றும். சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம். புதியதன் முதுகிலும் அதே நாலு நிறத்தில் புள்ளி வைத்திருந்தார்கள்.

"மாத்திக் குத்துனா என்னாகும்?"

"பாட்டு கெட்டுப் போகும்மா. சரியாக் குத்துங்க!"

"நிறம் பாக்க எனக்கா சொல்லித் தர்றே?" என்றேன்.

கோடு போட்ட ஓர் அட்டையும் இருந்தது. ஊசிமுனை புள்ளியில் நிற்கும்போது தலையின் விளிம்பு கோட்டோடு ஒத்துப்போக வேண்டுமாம். துணியில் நேர்நூல் பார்த்து வெட்டுகிறவளுக்கு அதில் என்ன சிரமம். திருகை இளக்கித் தள்ளினேன், பார்த்தேன், மறுபடி தள்ளினேன், இறுக்கினேன். ரகு, "சரியா இருக்கா, சரியா இருக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "கல்யாண வீட்டுக்காரங்க மாதிரி அவசரப்படுத்தாத, பேசாம இரு" என்றேன்.

அடுத்தது பாரம். ஊசியைத் தாங்கும் கைக்குப் பின்னால் ஒரு குண்டு இருக்கிறதே, அதைத் திருகித் திருகி, கை தராசுக்கோல் போல அந்தரத்தில் நிற்கும்படி செய்ய வேண்டும். நின்றது. பிறகு இலக்கம் இரண்டுக்குத் திருப்பச் சொன்னான். இந்த ஊசி இசைத்தட்டின்மேல் வைக்கும் பாரம் இரண்டு கிராம்தானாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய ஊசி துள்ளும்போதெல்லாம் நூல் சுற்றிய இரும்புப் பொபினைத் தூக்கி அதன் தலையில் வைப்பாயே. "துணி வழுக்குனா மேல இஸ்திரிப்பெட்டிய வைக்கிறோமில்ல, அது மாதிரித்தான்" என்பாய். துள்ளலும் நிற்கும். உன் கெட்டித்தனத்தை நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பிளேயரைப் பெட்டியில் மாட்டி, பெட்டியை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். ஙொய்யென்று ஒரே இரைச்சல், குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி.

"மாட்டாத வயர் ஏதாவது இருக்கா?" என்று ரகு கேட்டான்.

இருந்தது. பிளேயரிலிருந்து வந்த வயர்களோடு, முனை கவையாகப் பிளந்த மெல்லிய வயர் ஒன்று தனியாகத் தொங்கியது. அதற்கு ஏற்ற ஓட்டை எங்கேயும் இல்லாததால் மிச்சம் என்று நினைத்து, சுற்றி நூலால் கட்டி ஒதுக்கியிருந்தேன். மிச்சத்தை வெட்டி எறிகிற பழக்கம் நமக்கு இல்லாதது நல்லதாகப் போயிற்று.

"அது எர்த்தும்மா! பெட்டிக்குப் பின்னால ஒரு திருகு இருக்கும், அதுல போட்டு இறுக்குங்க."

இறுக்கினேன். இரைச்சல் நின்றது. கூரைத் தகரத்தில் தூறல் விழுவது கேட்டது.

உன் தட்டைத்தான் எடுத்தேன், வேறெதை எடுப்பேன். பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் உள்ள அந்தச் சின்னத் தட்டு. ஊசியை இறக்கினேன். பாடுகிற அம்மா முதல் வரிக்கு முன் மூச்சு இழுப்பது கேட்டது, சிட்டு. அத்தனை வருஷம் கேட்டோமே, அந்த மூச்சு நமக்கு ஒருநாளும் கேட்டதில்லை. ரகுவுக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கர் பக்கம் வைத்தேன்.

சரணம் வந்ததும் கரகரவென்றது. பிறகு ஊசி துள்ளியது. என் கை தானாகப் பொபினை எடுத்துவிட்டது. வைக்கப்போன இடத்தில் நின்றேன். அப்போதுதான் விளங்கியது. நாம் வைத்த பாரம்தான் தட்டை உழுதிருக்கிறது. உழுத இடத்தில் ஊசி துள்ளத் துள்ள, அதன்மேல் இன்னும் பாரம் வைத்திருக்கிறோம். உனக்கு மிகப் பிடித்த இடம் அது, அதையே திரும்பத் திரும்பப் போடுவாய். அங்கேதான் ஆழமாக உழுதிருக்கிறது.

"என்னம்மா, வடை பொரிக்கிற சத்தம் வருது" என்றான் ரகு. பிறகு மெதுவாக, "இதைப் பாடுதுன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டான்.

பாடுகிறது என்று சொன்னால் பொய். அலுமாரியில் எந்தச் சேலைகளை எடுத்துப்போவது, எதை விடுவது என்றுகூட யோசித்துவிட்டேன். ஊசியைத் தூக்கி, தட்டை உறைக்குள் வைக்கத் திருப்பினேன். மறுபக்கத்தில் ஒரு கீறல் இல்லை. வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே கறுப்பாக மினுங்கியது. நாம் அதைத் திருப்பிப் போட்டதே இல்லை. உனக்கு அந்த ஒரு பாட்டுப் போதும். உனக்குப் போதும் என்றால் எனக்கும் போதும்.

போட்டேன். முதலில் வீணை, அப்புறம் அதே அம்மாவின் குரல். வேறு பாட்டு, கொஞ்சம் வேகமான பாட்டு. எங்கேயும் தடுக்கவில்லை. அறை முழுக்க நின்று பாடினாள்.

சரணம் தாண்டியதும் ரகு, "இது எந்தப் பாட்டும்மா?" என்றான்.

"தெரியாதுடா."

"நல்லாத்தான் இருக்கு." பிறகு சிரித்தான். "அப்ப நாளைக்கு வேன் வேணாம், பஸ்லயே வர்றேன்."

"வர்றப்ப புறக்கோட்டையில கறுப்பு நூலும் ஸிப்பும் வாங்கிட்டு வா. யூனிபோர்ம் தைக்கிற காலம் வருது."

அவன் போனை வைத்ததும் பாட்டைத் திரும்பவும் போட்டுவிட்டு, நீ பாதியில் விட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து உட்கார்ந்தேன். பாட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றத் தொடங்கியதும் என் கால் மெஷினை நிறுத்தியது. பக்கம் முடிந்தால் கை ஓய்ந்திருப்பவள் எழுந்து ஊசியைத் தூக்குவாள், மற்றவள் தைப்பாள், அப்படித்தானே நாம் இருந்தோம். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நானே எழுந்தேன். இனி எல்லாப் பக்கத்துக்கும் நான்தான் எழ வேண்டும். அது பரவாயில்லை, எழுந்துகொள்வேன். சட்டையில் காஜா நேராக வந்திருக்கிறது, பார்த்தால் நீ குறை சொல்லமாட்டாய்.

இந்தப் பாட்டு உனக்குப் பிடித்திருக்குமா, சிட்டு?