சைதாப்பேட்டை ஆபீஸ் ஊருக்கு வந்தது

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்
12-5-1968

அன்புள்ள அத்தானுக்கு, கலாவதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மாமாவும் நானும் சுகம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் கவலை.

ஊரெல்லாம் ஒரே பேச்சு. கலெக்டர் ஆபீஸ் சைதாப்பேட்டையை விட்டு ஜூலையில் நம் ஊருக்கே வருகிறதாம். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க தாத்தா காலத்துல ஜில்லாவுக்கே கருங்குழிதான் தலைநகரம். அப்புறம் சைதாப்பேட்டைக்குப் போச்சு. நூறு வருஷம் கழிச்சு இப்பத்தான் நம்ம பக்கம் வருது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். வாதத்தில் கிடப்பவர், கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிவிட்டார்.

அப்பாவை யார் பார்ப்பது என்று சொல்லி, கல்யாணமான ஆறு வருடமாக என்னை இங்கேயே விட்டு வைத்தீர்கள். ஆபீஸ் மட்டும் காஞ்சிபுரத்தில் இருந்தால் உன்னை விட்டு ஒரு நாள் இருப்பேனா என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? இனி என்ன சாக்கு சொல்கிறீர்கள், பார்க்கிறேன்.

உங்கள்
கலாவதி


சைதாப்பேட்டை
3-6-1968

சௌபாக்கியவதி கலாவதிக்கு ஆசி.

ஆபீஸ் மாற்றம் உண்மைதான். பீரோக்களையும் பழைய ரிகார்டுகளையும் கட்டி லாரியில் ஏற்றுகிற வேலையில் மூச்சு விட நேரமில்லை. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் வந்துவிட முடியாது. சில செக்ஷன்கள் பின்னால்தான் வரும். நீ அவசரப்பட்டுத் தெருவெல்லாம் சொல்லி வைக்காதே. அப்பாவுக்கு மருந்து தவறாமல் கொடு. நீ இருக்கிற தைரியத்தில்தான் நான் இங்கே இருக்கிறேன்.

குமாரசாமி


காஞ்சிபுரம்
20-8-1968

அன்புள்ள அத்தானுக்கு,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை.

ஆபீஸ் வந்துவிட்டது. ஊர் அடையாளம் தெரியவில்லை. பெரிய வீடாக இருந்தால் போதும், ஏதாவது ஒரு இலாகா வாடகைக்குக் கேட்டு வருகிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் புது ஓட்டல், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள். தென்னேரிக்காரர்கள் கூடப் பட்டா விஷயமாக நம் தெருவில் வழி கேட்டுக்கொண்டு போகிறார்கள். சைதாப்பேட்டை குமாஸ்தாக்கள் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து குடியேறிவிட்டார்கள். நீங்கள் மட்டும் வரவில்லை.

சாயங்காலமானால் மாமா, "ஆபீஸ் விட்டாச்சாம்மா?" என்று கேட்கிறார். நீங்கள் வந்து சேர்ந்துவிட்டதாகவும், நேரே கேம்ப் அனுப்பிவிட்டார்கள் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு இந்தப் பொய்? எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வரி எழுதுங்கள்.

கலாவதி


காஞ்சிபுரம்
9-9-1968

அத்தானுக்கு,

நேற்று ஆபீசுக்கே போனேன். வாசல் மேஜையில் இருந்த வீராசாமி என்ற குமாஸ்தாவிடம் உங்கள் பெயரைச் சொன்னேன்.

"குமாரசாமி சாரா? அவரு இங்க வரலியேம்மா. சம்சாரம் மாசமா இருக்காங்க, மெட்ராசை விட்டு வர முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு அங்கயே வேற ஆபீசுக்கு மாத்திக்கினாரு. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

தெரிந்தவர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

அத்தான், எனக்கு ரோஷமே இல்லாமல் போய்விட்டது. நீங்கள் வராமலே இருந்துவிடுவீர்களோ என்ற பயம் ஒன்றுதான் இருக்கிறது. அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிரசவம் நான் பார்க்கிறேன். உள் அறையை நீங்கள் இருவரும் எடுத்துக்கொள்ளுங்கள், நான் தறிப் பக்கத்தில் பாய் போட்டுக்கொள்கிறேன். எனக்குத்தான் ஒன்று பிறக்கவில்லை, அந்தக் குழந்தையையாவது தூக்கி வளர்க்கிறேன். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

கலாவதி


சைதாப்பேட்டை
16-9-1968

கலாவதிக்கு,

நல்ல வேளை, உன் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். அலமுவிடம் உன்னை என் தங்கை என்று சொல்லியிருக்கிறேன். புருஷனோடு வாழாமல் வந்து அப்பாவோடு இருக்கிற தங்கை. மாசமாக இருப்பவளிடம் இப்போது போய் மாற்றிச் சொல்ல முடியாது. இனி எழுதினால் அண்ணன் என்று போட்டு எழுது. நான் அங்கே வருவதற்கில்லை. அப்பாவை மட்டும் கைவிட்டுவிடாதே.

குமாரசாமி


காஞ்சிபுரம்
23-9-1968

அண்ணன் குமாரசாமிக்கு,

நீங்கள் சொன்னபடியே போட்டிருக்கிறேன். அண்ணி எடுத்துப் படித்தாலும் பாதகமில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று கிணற்றடியில் போய் நின்றேன். உள்ளேயிருந்து மாமா தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். தங்கை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அந்தத் தாலியக் கழட்டிடும்மா. அண்ணங்காரன் கட்டுற தாலி எந்த ஊர்லயும் கிடையாது" என்றார்.

கழற்றினேன். நான் அழுதேன், அவரும் அழுதார்.

தெருவில் கேட்டால் என்ன சொல்வது என்றேன். "புள்ள மெட்ராசோட போய்ட்டான், இந்தப் பஞ்சாட்சரத்துக்கு ஒரு மக இருக்குதுன்னு நான் சொல்லிக்கிறேன், நீ போய் சோறு துன்னு" என்றார். அப்பா என்று கூப்பிட முதலில் வாய் வரவில்லை. இப்போது வருகிறது.

அவருக்கு ஏதாவது ஆனால் கொள்ளி வைக்க வரச் சொல்லி உங்களுக்குத் தந்தி வராது. அதையும் அவர்தான் எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
பஞ்சாட்சரம் மகள்
கலாவதி