ஆளில்லாத மேட்டுக்கு மண் போட விடமாட்டேன்

அன்பு மகன் நௌசோனுக்கு, அம்மா சொல்லச் சொல்லப் பானைக்காரர் கிரினோன் ஈயத் தகட்டில் கீறியது. நானும் உன் தங்கை கிளைமேயும் இங்க திடமா இருக்கோம். நீயும் கிரீட் தீவுல காய்ச்சல் தலைவலின்னு படுக்காம வேளைக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருப்பேன்னு நம்பி, கடல் சாமி பொசைடனைக் கும்பிட்டுக்கிட்டே இதை அனுப்புறேன்.

நீ அப்பாவைத் தேடிக் கப்பல் ஏறினதுல இருந்து உன் சித்தப்பன் அக்ரியாஸ் சும்மா இல்லடா. சண்டைக்குப் போன கப்பல் எல்லாம் திரும்பியாச்சு, அண்ணன் கடலோட போயிட்டான், எலும்பு கிடைக்காதவனுக்கு வெறும் மண்மேடாவது எழுப்பலைன்னா ஆவி அலையும்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கான். அண்ணன் மேல அவ்வளவு பாசமாம். மேடு எழும்பிட்டா நான் விதவை, என்னை எவனுக்காவது கட்டிக் குடுத்துட்டு ஒலிவத் தோப்பை அவன் எடுத்துக்கலாம், அதுக்குத்தான் இத்தனை பாடு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கறுப்புக் கிடா, ஒயின் எல்லாம் வாங்கி ஊரைக் கடற்கரைக்குக் கூட்டிட்டான். கிளைமே ஓடிவந்து சொன்னா, பார்லி மாவு பிசைஞ்ச கையோடயே போனேன். செத்தவனை மூணு தரம் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களே, அது நடக்குது. "தெர்சிப்போஸ்!"னு உன் சித்தப்பன் தொண்டை கிழியக் கத்தினான். நான் கூட்டத்துக்குப் பின்னால நின்னு, "அவர் வீட்ல இல்ல, வெளியூர் போயிருக்காரு, வந்ததும் சொல்றேன்"ன்னேன். பொம்பளைங்க சிரிச்சுட்டாங்க. மறுபடி கூப்பிட்டான். "காது கேக்கலையா கொழுந்தனாரே, ஆள் இல்லைன்னு சொன்னேனே"ன்னேன். மூணாவது தரம் வாயெடுத்தான், பொம்பளைங்க சிரிப்புல அது அமுங்கிப் போச்சு. கூப்பிட்டதுக்குப் பதில் வந்துட்டா சடங்கு செல்லாதுன்னு பூசாரி கிடாவை வெட்டாமலே கத்தியை உறையில போட்டுட்டார். எல்லாரும் கலைஞ்சப்ப அவன் கிட்ட வந்து, "இருங்க அண்ணி, பையனும் திரும்பலைன்னா ரெண்டு மேடாவே போட்டுரலாம்"னான். கையில இருந்த மாவை அவன் மூஞ்சியில அப்பிட்டு வந்துட்டேன். அப்ப நான் சொன்னதைக் கிரினோன் எழுத மாட்டேங்கிறார், நீயே ஊகிச்சுக்க.

உங்கிட்ட மறைக்க என்ன இருக்கு, அவர் உயிரோட இருக்காரான்னு எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி மண்ணைப் போட்டு மூட மாட்டேன், அவ்வளவுதான். உன் ஒயினைக் குடிச்சுட்டு அப்பாவைப் பார்த்தேன்னு சொல்றவனை எல்லாம் நம்பாதே, அவர் எப்படிச் சிரிப்பார்னு கேளு. சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும்னு சொன்னா அவன் பின்னால போ. அங்க அவருக்கு வேற பொண்டாட்டி பிள்ளைன்னு இருந்தா அழாதே, கையும் ஓங்காதே, வரமாட்டேன்னு அவர் வாயாலயே சொல்லக் கேட்டுட்டு வா, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன். எலும்புதான் மிச்சம்னா துணியில கட்டிக் கொண்டா, அப்ப நானே அழறேன்.

நல்ல காத்து உன் கப்பல் பாயில நிக்கட்டும், போற வீட்ல எல்லாம் உனக்கு அடுப்போரம் இடம் கிடைக்கட்டும். வானத்துக் கார்த்திகை மீனுங்க கடல்ல இறங்கி, குளிர்காலப் புயல்ல கப்பல் ஓட்டம் நிக்கிறதுக்குள்ள, அவர் கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும் வந்து சேரு. மறந்துடாதே. வரலைன்னா வசந்தத்துல முதல் கப்பல்ல நான் ஏறிடுவேன், எவன் தடுக்கறான்னு பாக்கறேன்.

இப்படிக்கு,
தெர்சிப்போஸின் மனைவி, உன் அம்மா,
மிர்த்தோ